முதுகை நிமிர்த்தினா பாரம் குறைஞ்சிருமா?

எங்க அக்கா மகன் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், வாசல்ல நின்ன என் பிக்கப் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "என்ன மாமா, வண்டி பின்னாடி குத்தவெச்சு உட்கார்ந்த மாதிரி இருக்கு?"ன்னு கேட்டான். பெட்டியில புண்ணாக்கு மூட்டை. பின்னாடி கொக்கியில 1,000 லிட்டர் தண்ணி டிரைலர். உட்காராம என்ன செய்யும்?

"பாரம் இருக்குதில்ல மாப்ளே, உட்காரத்தான் செய்யும்"னேன்.

அவன் விடலை. போனை எடுத்து அமெரிக்காக்காரன் வீடியோ ஒண்ணைக் காட்டினான். நம்ம வண்டியைப் போல ரெண்டு மடங்கு இருக்கிற ஒரு பிக்கப், பின்னாடி வீடு மாதிரி ஒரு டிரைலர். மாட்டினதும் வண்டியோட பின்பக்கம் தொபுக்குன்னு இறங்குது. அந்த ஆள் ஒரு சுவிட்சைத் தட்டுறான். புஸ்ஸுன்னு காத்து ஏறுது, வண்டி நிமிர்ந்து சமமா நிக்குது. "பார்த்தீங்களா மாமா? இனி எவ்வளவு வேணாலும் இழுக்கலாம்"னான்.

இந்த "எவ்வளவு வேணாலும்"ங்கிற வார்த்தையோட சண்டை போடத்தான் இதை எழுதுறேன். அந்த வீடியோவுல இருந்த ஆள் அப்படிச் சொல்லவே இல்லைன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. நாமளா சேர்த்துக்கிட்டது அது.

தெரியாதவங்களுக்கு முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். கார் மோதினா முன்னாடி விரியுதே, அந்தப் பலூன் இல்லை. ரெண்டு ரப்பர் பைகள். பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல, ஏற்கெனவே இருக்கிற பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையா, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வெச்சு இறுக்குவாங்க. டயருக்கு அடிக்கிற மாதிரியே காத்து அடிக்கணும். காலி வண்டியா ஓட்டும்போதும் ஒரு 5 பிஎஸ்ஐயாவது உள்ள இருக்கணும், இல்லைன்னா பை மடிஞ்சு கிழியும். பாரம் ஏத்தினா இன்னும் அடிச்சு நிமிர்த்திக்கலாம். அவ்வளவுதான் சங்கதி. பழைய ஸ்பிரிங்கைக் கழட்டுறது இல்லை. கை கொடுக்க ஒரு ஆளைப் பக்கத்துல நிறுத்துற மாதிரி.

மாசி மாசம் அவனே வாங்கி அனுப்பிட்டான். கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில வண்டியை விட்டு மாட்டிட்டு வந்தேன். ஒரு மாச பால் காசு கூலிக்கே போச்சு, பை அவன் செலவு. பொய் சொல்லக் கூடாது, மாட்டின புதுசுல சொகமாத்தான் இருந்துச்சு. முன்னாடி ராத்திரியில பாரத்தோட போனா, லைட்டு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிச்சு, அவன் திட்டிட்டுப் போவான். இப்ப லைட்டு ரோட்டுல விழுந்துச்சு. பள்ளத்துல இறங்கினா 'டங்'குன்னு ஆக்சில் போய் முட்டுற சத்தம் நின்னுச்சு. ஊருக்குள்ள நாலு பேர் வந்து குனிஞ்சு பார்த்துட்டுப் போனாங்க. எனக்கும் ஒரு பெருமைதான்.

சித்திரையில அது நடந்துச்சு.

எங்க மேட்டுக்காட்டுல 80 தென்னங்கன்னு வெச்சிருக்கேன். அங்க போர் வத்திப் போச்சு. கீழ்க்காட்டுக் கிணத்துல இருந்து தண்ணி கொண்டுபோய்த்தான் கன்னுக்கு ஊத்தணும். அன்னிக்குக் கன்னுக்குப் போடறதுக்கு வேப்பம்புண்ணாக்கும் வந்திருந்துச்சு. என் வண்டி 1,300 கிலோ ஏத்துற வண்டி. 50 கிலோ மூட்டை 26. கணக்கு கச்சிதம்னு 26 மூட்டையையும் ஏத்தினேன். தண்ணி டிரைலர்லதானே போகுது, அது டிரைலரோட சக்கரம் சுமக்குது, எனக்கென்னன்னு 1,000 லிட்டரையும் நிரப்பினேன். வண்டி லேசா இறங்குச்சு. காத்து அடிச்சேன். நிமிர்ந்துருச்சு. கூட வேலைக்கு வந்த தம்பி "சும்மா புதுப்பொண்ணு மாதிரி நிக்குதுண்ணே"ன்னு சொன்னான்.

வாய்க்கால் பாலத்துக்கு முன்னாடி ஒரு சரிவு இருக்கு. 40ல இறங்கினேன், அதுக்கு மேல இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளாட்டுக்காரப் பாட்டி ஆடுகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிட்டு இருந்தாங்க. பிரேக்கை மிதிச்சேன். முன்பக்கம் மூக்கைக் குத்துச்சு, ஆனா வண்டி நிக்கலை. யாரோ பின்னாடி இருந்து ரெண்டு கையால தள்ளுற மாதிரி இருந்துச்சு. இன்னும் அழுத்தினேன். அப்பத்தான் பின்பக்கம் இடப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போக ஆரம்பிச்சது. மடக்குக் கத்தி மடங்குற மாதிரி வண்டியும் டிரைலரும் மடங்கப் பார்த்துச்சு. பிரேக்கை விட்டு, ஸ்டியரிங்கை நேராக்கி, மறுபடி மிதிச்சு, பாலத்துக் கட்டையில உரசித்தான் நின்னேன். பாட்டி தப்பிச்சாங்க. அவங்க கயிறு பிடிச்சிருந்த சினை ஆடு தப்பிக்கலை.

ஆட்டுக்குக் காசு கொடுத்தேன். பாட்டி வாங்கவும் இல்லை, வேண்டாங்கவும் இல்லை. வேலை செய்யுற தம்பிதான் அவங்க முந்தானையில முடிஞ்சு விட்டான். திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவங்க சொன்னது இதுதான்: "காலி வண்டின்னு நெனச்சேன் சாமி. பாரவண்டி வந்தா நான் நின்னுக்குவேன். இது நிமிந்துக்கிட்டு வந்துச்சு, சட்டுனு நின்னுரும்னு குறுக்க ஓட்டிட்டேன்."

பத்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. ஆடு செத்ததுக்காக மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் பக்கத்துல கால் வைக்காத ஒரு பாட்டிக்கு, வண்டியோட பின்பக்கம் இறங்கியிருக்கா இல்லையான்னு பார்த்துப் பாரத்தைக் கணக்குப் போடத் தெரிஞ்சிருக்கு. ரோட்டுல நடக்குற எல்லாருக்கும் தெரியும் அது. அந்த ஒரு அடையாளத்தை நான் காத்தடிச்சு அழிச்சு வெச்சிருந்தேன். அவங்க கிட்ட மட்டும் இல்ல, எங்கிட்டயும்தான் வண்டி பொய் சொல்லிட்டு வந்திருக்கு.

இனி அந்தப் பையைப் பத்திப் பேசுவோம். ரப்பர் பை காத்தால நிரம்பினா என்ன ஆகும்? ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இடைவெளி கூடும். அவ்வளவுதான் ஆகும். ஆக்சில் சுமக்கிற கிலோ ஒண்ணுகூடக் குறையாது. பேரிங் சுமக்கிறது குறையாது, டயர் சுமக்கிறது குறையாது, வீல் போல்ட்டு சுமக்கிறது குறையாது. நெல் மூட்டையைச் சுமந்துட்டுக் குனிஞ்சு நடக்கிறவன் முதுகுல ஒரு மட்டையை வெச்சுக் கட்டி நிமிர்த்திட்டா, மூட்டை எடை குறைஞ்சிருமா? அவன் காலுக்குத் தெரியும் எவ்வளவு பாரம்னு. இதை நான் கண்டுபிடிச்சுச் சொல்லலை. அந்தப் பையோட வந்த கையேட்டுலயே, வண்டிக் கம்பெனி குறிச்ச மொத்த எடைக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருந்தான். நான் படிக்கலை. அனுப்பினவனும் படிக்கலை. மாட்டின பட்டறையில யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கலை.

ஆடு செத்த அடுத்த வாரம், அதே 26 மூட்டை, அதே தண்ணியோட சந்தைப்பேட்டை எடைமேடைக்கு ஓட்டிட்டுப் போனேன், ஊர்ந்து ஊர்ந்து. ரெண்டு பேர் உள்ள உட்கார்ந்தபடியே ஏத்தினோம். வண்டியும் டிரைலரும் சேர்த்து 4,460 கிலோ. ஆர்சி புக்கை எடுத்துப் பார்த்தேன். வெறும் எடை 1,700, மொத்த எடை 3,000.

1,300 கிலோ ஏத்தலாம்னா 1,300 கிலோ மூட்டை ஏத்தலாம்னு நெனச்சதுதான் முதல் தப்பு. நானும் அந்தத் தம்பியும் 140 கிலோ. அதுவும் அந்த 1,300க்குள்ளதான் அடங்கணும். டிரைலர் கொக்கி மேல அழுத்துற கனம் ஒரு 130 கிலோ, அதுவும் அதுக்குள்ளதான். ஆக, வண்டி மேலயே 270 கிலோ கூடுதல். டிரைலர் சக்கரம் சுமக்கிற மீதி 1,190 கிலோவை என் ஸ்பிரிங் சுமக்கலை, சரி. ஆனா நிறுத்தறது யாரு? டிரைலருக்குப் பிரேக் கிடையாது. எங்க சுத்துவட்டாரத்துல பட்டறையில அடிச்ச எந்தத் தண்ணி டிரைலருக்கும் நான் பிரேக் பார்த்ததில்லை. மூணு டன்னை நிறுத்தச் செஞ்ச பிரேக்கைக் கொண்டு ஏறக்குறைய நாலரை டன்னை ஒரு சரிவுல நிறுத்தச் சொல்லியிருக்கேன். டேங்குல தண்ணி அரைகுறையா இருந்திருந்தா, அது முன்னாடி ஓடி வந்து ஒரு இடியும் இடிச்சிருக்கும்.

மாட்டுவண்டி ஓட்டின தலைமுறைக்கு இது பாடமே தேவையில்லை. எங்க அய்யன் வண்டியில பாரம் ஏத்தி முடிச்சதும், மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி முன்பக்கம் வந்து நுகத்தடியைக் கையால தூக்கிப் பார்ப்பார். முன்பாரமா இருந்தா மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரமா இருந்தா நுகத்தடி மேல தூக்கிக்கிட்டு, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும். ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சம் முன்பாரமா இருக்கணும். இல்லைன்னா மறுபடி மூட்டையை நகர்த்தி அடுக்குவார். மழை வந்தாலும் சரி, நகர்த்தாம வண்டி கிளம்பாது.

இன்னிக்கு டிரைலர் இழுக்கிற வெளிநாட்டுக்காரன் சொல்றதும் அதே கணக்குதான். அமெரிக்காவுல டிரைலரோட மொத்த எடையில நூத்துக்குப் பத்துல இருந்து பதினஞ்சு பங்கு கொக்கி மேல அழுத்தணும்பாங்க. அதுக்குக் குறைஞ்சா டிரைலர் பாம்பு மாதிரி வாலை ஆட்டும். கூடினா இழுக்கிற வண்டியோட முன்சக்கரம் லேசாகும். இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. என் வண்டியில முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 10 அடி. பின்சக்கரத்துல இருந்து கொக்கி 4 அடி தள்ளி இருக்கு. கொக்கியில 130 கிலோ அழுத்தினா, ஏத்தக்கட்டை மாதிரி பின் ஆக்சில்ல 182 கிலோ ஏறும், முன் ஆக்சில்ல 52 கிலோ இறங்கும். ஸ்டியரிங் பிடிக்கிற சக்கரம் அது. முக்கால்வாசி பிரேக் பிடிக்கிற சக்கரமும் அதுதான். பின்பக்கம் இறங்கினா "முன்னாடி லேசாயிருச்சு"ன்னு கண்ணு சொல்லும். காத்தடிச்சு நிமிர்த்தினா கண்ணு சும்மா இருக்கும்; அந்த 52 கிலோ திரும்பி வராது. வண்டி சமமா நிக்குது, அதனால பாரம் சமமா பிரிஞ்சிருக்குன்னு நெனக்கிறது தராசுத் தட்டைக் கையால பிடிச்சுக்கிட்டு எடை சரியா இருக்குன்னு சொல்ற மாதிரி.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. இதை எங்க ஊர் மெக்கானிக் தம்பி வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டுக் காட்டினப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. "அண்ணா, இந்தக் கம்பியைப் பாருங்க"ன்னான். சேசிஸுல ஒரு வால்வு, அதுல இருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு மெல்லிசான கம்பி. பாரவண்டிகள் பலதுல இது உண்டு. வண்டி காலியா இருக்கும்போது பின்பக்கம் தூக்கி நிக்கும். அப்ப பின்சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் அதிகம் போனா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும். அதனால வால்வு அழுத்தத்தைக் குறைச்சுக் கொடுக்கும். பாரம் ஏறி பின்பக்கம் இறங்கினதும் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு முழு அழுத்தமும் போகும். பாரத்தை அது கிலோவுல அளக்கிறது இல்லை, பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்த்துத்தான் அளக்குது. வெள்ளாட்டுக்காரப் பாட்டி அளந்த மாதிரியே.

நான் காத்தடிச்சு நிமிர்த்தினதும் வால்வு என்ன நெனச்சிருக்கும்? காலி வண்டின்னு. நாலரை டன்னோட சரிவுல இறங்குற வண்டிக்குப் பின் பிரேக்கைக் குறைச்சுக் கொடுத்திருக்கு. பாட்டியும் ஏமாந்தாங்க, வால்வும் ஏமாந்துச்சு. பை மாட்டினா இந்த வால்வை மறுபடி சரிபண்ணி வைக்கணும். மாட்டின பட்டறையில செய்யலை. கேட்கணும்னு எனக்குத் தெரியலை. புது வண்டிகள்ல இந்த வேலையை எலக்ட்ரானிக்கா பார்த்துக்கிற ஏற்பாடு வந்திருக்கு. ஆனா கிராமத்துல ஓடுறதுல பாதி என் வண்டி மாதிரிப் பழசுதான்.

சேசிஸைப் பத்தியும் சொல்லணும். பட்டை ஸ்பிரிங் பாரத்தைச் சேசிஸுல ரெண்டு இடத்துல தாங்குது, ஆக்சிலுக்கு முன்னாடி ஒரு இடம், பின்னாடி ஒரு இடம். ரெண்டு பேர் முன்னும் பின்னும் தோள் கொடுத்துக் கம்பு தூக்குற மாதிரி. ரப்பர் பை நேரா ஆக்சிலுக்கு மேல ஒரே இடத்துல முட்டுக் கொடுக்குது. அது ஒரே ஆள் நடுத்தோள்ல காவடி தூக்குற மாதிரி. காவடிக் கம்பு நடுவுலதான் வளையும், நடுவுலதான் ஒடியும். ஆஸ்திரேலியாவுல பிக்கப் வண்டிக்குப் பின்னாடி கேரவன் மாட்டிக்கிட்டு மேடுபள்ளத்துல போறவங்க நிறைய. அங்க இந்தப் பை மாட்டி, அளவுக்கு மேல பாரம் வெச்சு, கொக்கியிலயும் கனத்தைத் தொங்கவிட்டு, சேசிஸே வளைஞ்சு போன வண்டிகள் கதை ஏராளம். பெட்டிக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மேல அகலமா, கீழ குறுகலா தெரிஞ்சா முடிஞ்சுது.

அதே ஆஸ்திரேலியாவுல டிரைலர் எடை 750 கிலோவைத் தாண்டினா அதுக்குத் தனியா பிரேக் இருந்தே ஆகணும். 2,000 கிலோவைத் தாண்டினா எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக். கொக்கி கழண்டாலும் டிரைலர் தானா நிக்கிற ஏற்பாடும் வேணும். ஐரோப்பாவுலயும் 750 கிலோதான் கோடு. நமக்குப் பிடிச்சது அந்தப் பை மட்டும். அவனோட பிரேக்கையும், எடைக் கணக்கையும், கொக்கிக் கணக்கையும் கப்பல்லயே விட்டுட்டு, கண்ணுக்கு அழகா இருக்கிற ஒண்ணை மட்டும் இறக்கிக்கிட்டோம். என் கோபம் இதுமேலதான்.

பட்டணத்துலதான் இந்தக் கிறுக்குன்னு நான் சொல்லவரலை. எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு. பட்டை ஏத்துறது. புது வண்டி ஷோரூம்ல இருந்து வந்து பூசை போட்ட சூட்டோட பட்டறைக்குப் போகும். பின்னாடி ரெண்டு பட்டை கூடுதலா வெச்சுக் கட்டுவாங்க. அப்புறம் ஒண்ணரை டன் வண்டியில மூணு டன் தக்காளி ஏறும். வண்டி இறங்காது. ரப்பர் பை செய்யுற அதே பொய்யை இரும்பு செய்யும். பையை விட மோசமா, காலியா ஓட்டும்போது உங்க குடலையும் குலுக்கும்.

ஏன் ஏத்துறாங்க? பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டுப் போகாதீங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போற வண்டிக்கு வாடகை பெட்டிக்கு இவ்வளவுன்னுதான் பேசுறது. 14 கிலோ பெட்டி. வண்டிக்காரனுக்கு டீசல் ஒண்ணுதான், டிரைவர் சம்பளம் ஒண்ணுதான், தவணை ஒண்ணுதான்; பெட்டி கூடினாத்தான் அவனுக்கு மிச்சம். 90 பெட்டிக்கு வண்டி எடுத்தா நஷ்டம், 150 வெச்சா சோறு. வெள்ளாமைக்காரனும் "இன்னும் பத்து பெட்டி வெச்சுக்கப்பா, ரெண்டாவது நடைக்கு எனக்குக் கட்டாது"ன்னுதான் கெஞ்சுவான். நானும் கெஞ்சியிருக்கேன். தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற நாள்ல ஆர்சி புக்கைத் திறந்து பார்க்கிற மனசு யாருக்கும் வராது. அதனாலதான் சொல்றேன், எங்காளுங்க பட்டை ஏத்துறது வயித்துக்காக. அது நியாயம்னு சொல்லலை, காரணம் சொல்றேன். வாரக்கடைசியில கூடாரம் போடப் போறவங்க வண்டிக்கு அந்தக் காரணமும் இல்லை.

அபராதமும் சும்மா இல்லை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இறக்கி வெச்சுட்டுத்தான் வண்டியை எடுக்கணும். அங்க நின்னு, "சார், நான் ஏர் பை மாட்டியிருக்கேன்"னு சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆர்சி புக்குல இருக்கிற நம்பர் ரப்பரைப் பார்த்து மாறாது.

அக்கா மகன் கிட்ட இதையெல்லாம் சொன்னப்ப அவன் விட்டுக்கொடுக்கலை. "மாமா, எல்லாக் கம்பெனியும் கொஞ்சம் கூடுதலா தாங்குற மாதிரித்தான் செய்வான். எழுதறதுதான் குறைச்சு எழுதுவான்"னான். இருக்கலாம். கிணத்துக் கயிறும்தான் ஒரு ஆள் தொங்கினா தாங்கும்னு செஞ்சது, ரெண்டு ஆளையும் தாங்கும். அதுக்காக மூணு பேர் இறங்குவோமா? அந்தக் கூடுதல் நமக்குக் கொடுத்த வருமானம் இல்லை. குழியில விழுந்து எழும்பும்போது, ஒரு டயர் வெடிக்கும்போது, ஒரு பாட்டி குறுக்க வரும்போது செலவாகுறதுக்குன்னு வெச்ச சேமிப்பு. அதைச் சாதாரண நாள்லயே எடுத்துத் தின்னுட்டா, அந்த நாளுக்கு என்ன இருக்கும்?

"அப்ப ஆம்னி பஸ் எல்லாம் காத்துலதானே ஓடுது?"ன்னு அடுத்த கேள்வி. ஓடுது. அது முதல்லயே காத்துக்குன்னு வரைஞ்ச வண்டி. அதோட சேசிஸ் அதுக்குத் தகுந்தது, ஏறுற ஆளுக்குத் தகுந்த மாதிரி காத்தைத் தானா கூட்டிக் குறைக்கிற வால்வு இருக்கு, பிரேக்குக்கும் பாரம் எவ்வளவுன்னு சேதி போகும். பொறந்ததுல இருந்து நீந்துற வாத்தும், மிதவை கட்டிவிட்ட கோழியும் ஒண்ணா?

காத்துமேல எனக்குப் பகை இல்லை. வண்டி தாங்குற எடைக்குள்ளயே ஏத்தி, அப்பவும் பின்பக்கம் அதிகமா இறங்குதுன்னா, லைட்டு வானத்தைப் பார்க்குதுன்னா, ஒரு நாள் பாரம் ஒரு நாள் காலின்னு மாறி மாறி ஓட்டுறீங்கன்னா, அந்தப் பை நல்ல துணை. பட்டை ஏத்துறதை விட நூறு மடங்கு தேவலை. காலியா போகும்போது காத்தைக் குறைச்சா வண்டி பழைய மாதிரி மெத்துன்னு போகும். ரெண்டு பைக்கும் தனித்தனியா காத்துக் குழாய் விடச் சொல்லுங்க. என் வண்டிக்கு ஒரே குழாயில இணைச்சு விட்டிருந்தாங்க; வளைவுல திரும்பும்போது பாரம் விழுற பக்கத்துக் காத்து மறுபக்கம் ஓடிரும், வண்டி இன்னும் சாயும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், முதல்ல எடைமேடை, அப்புறம் பை. எடைமேடையில ஒரு டீ வடை காசு கேட்பாங்க. பைக்குப் பல ஆயிரம் செலவு பண்றவங்க அந்த வடைக் காசைச் செலவு பண்றதில்லை.

உங்க கார் பின்னாடி கொக்கி மாட்டி எதையாவது இழுக்கிறதா இருந்தா, கையேட்டுல இழுக்கிற எடைன்னு ஒண்ணு போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா, கம்பெனி உங்களுக்கு இழுக்கச் சொல்லியே கொடுக்கலைன்னு அர்த்தம். பின் டயரோட பக்கவாட்டையும் குனிஞ்சு பாருங்க. அளவுக்கு அப்புறம் ஒரு நம்பர் இருக்கும். 91னு இருந்தா ஒரு டயர் தாங்குறது 615 கிலோ. 100னு இருந்தா 800 கிலோ. ஸ்பிரிங்கை என்ன பண்ணினாலும் இந்த நம்பர் அசையாது.

வைகாசியில பையைக் கழட்டிட்டேன். அக்கா மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஆசையா வாங்கிக் கொடுத்தேன் மாமா"ன்னான். தொட்டியில போட்டு வெச்சிருக்கேன்டா, உன் காருக்கு வேணும்னா எடுத்துக்கன்னேன். டிரைலர்ல இருந்த பெரிய டேங்கையும் இறக்கியாச்சு. அதுக்குப் பதிலா 300 லிட்டர் டிரம் ரெண்டு, டிரைலர் ஆக்சிலுக்கு ஒட்டி, விரக்கடை முன்னாடி தள்ளி வெச்சுக் கட்டியிருக்கு. நிரப்பினா ரெண்டையும் முழுசா நிரப்புறது, இல்லைன்னா ஒண்ணை முழுசா காலி பண்றது. அரைகுறைத் தண்ணிதான் உள்ள அலையடிக்கும். டிரைலருக்குப் பிரேக் வைக்க மெக்கானிக் தம்பி ஒரு பழைய ஆக்சில் தேடிட்டு இருக்கான். அது வர்ற வரைக்கும் தண்ணி போற நாள்ல பெட்டியில மூட்டை கிடையாது.

80 கன்னுக்கும் ஊத்தி முடிக்க முன்னாடி ஒரு நடை போதும், இப்ப ரெண்டு. டீசல் கூடுது. வெயிலுக்கு முன்னாடி முடிக்க விடியக்காலை நாலரைக்கே கிளம்பணும். வாய்க்கால் சரிவுல ரெண்டாவது கியர்ல இறங்குறேன். வண்டி பின்பக்கம் கொஞ்சம் குத்தவெச்சுத்தான் போகுது. பாலத்துக்கிட்ட பாட்டி ஆடுகளை நிறுத்தி வெச்சுக்கிட்டு, வண்டி தாண்டுற வரைக்கும் பின்சக்கரத்தையே பார்த்துட்டு நிக்கிறாங்க.